இடது கைக்கு ஒரு டிரம் செட்

"பாப்பாவுக்கா?" என்று கடைக்காரர் கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. பின்னே எனக்கா? கடைக்குள் வந்து நிற்பது நானும் என் மகள் சம்யுக்தாவும். கையில் டிரம் குச்சிகள் வைத்திருப்பவள் அவள். ஒன்பது வயது. இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ஆனால் அவர் குச்சியையும் பார்த்தார், சம்முவின் இரட்டைச் சடையையும் பார்த்தார், இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று சந்தேகம் வந்தவராகத் தாடையைச் சொறிந்துவிட்டு, "கீபோர்டுல புதுசா ஒரு மாடல் வந்திருக்குங்க மேடம், பொம்பளப் புள்ளைங்க அதைத்தான் ஆசையா வாங்கிட்டுப் போறாங்க" என்றார். கீபோர்டாம். காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என் கணவர் முரளியும் இதையேதான் சொன்னார், கீபோர்டுன்னா வால்யூமைக் குறைச்சுக்கலாம் தமயந்தி, பக்கத்து ஃபிளாட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா என்று. பக்கத்து ஃபிளாட்டில் விடியும் முன்பே மிக்ஸி ஓடுகிறது, அவர்கள் வீட்டுப் பையன் பைக்கை முறுக்கினால் நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, அதெல்லாம் சத்தமில்லை. என் மகள் சாயங்காலம் அரை மணி நேரம் தட்டினால் அதுதான் சத்தம். கடைசியில், உனக்கு என்ன தோணுதோ செய் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அது சம்மதமா கோபமா என்று நான்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். "டிரம்ஸ்தான் வேணும்" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. இன்றைக்கு யாரிடமும் சண்டை போடுவதில்லை என்று வெளியே ஸ்கூட்டியை நிறுத்தும்போதுதான் முடிவு செய்திருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சம்மு என் பக்கம் திரும்பாமல் சுவரில் வரிசையாகத் தொங்கிய கிட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரம்ஸ் என்றதும் அவர் வேறு ஆளாகிவிட்டார், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மரியதாஸ் என்று பெயர். கல்லாவுக்கு மேலே பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டு ஏதோ மெல்லிசைக் கச்சேரி மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் படம் இருந்தது, மீசையை வைத்துத்தான் அவர் என்று அடையாளம் தெரிந்தது. எங்களை உள் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே இரண்டு செட் மாட்டி வைத்திருந்தார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. அட்டைப்பெட்டியில் வரும் குட்டி செட்டை வாங்காதீங்க, அது பொம்மை, ஆறு மாசத்துல தோல் தொங்கிடும், பித்தளைத் தட்டு தகர டப்பா மாதிரி கேக்கும், புள்ளைக்கு டிரம்ஸ் மேலயே வெறுப்பு வந்துடும் என்றார். ஒம்போது வயசு ரெண்டுங்கெட்டான் வயசு, பெருசையே வாங்கி ஸ்டூலை இறக்கி, தாங்கியையெல்லாம் பக்கத்துல கொண்டுவந்தா போதும் என்றார். சம்முவை ஸ்டூலில் உட்காரவைத்து முழங்கால் எங்கே வருகிறது, பாதம் பெடலில் முழுதாகப் பதிகிறதா என்று தரையில் மண்டியிட்டுப் பார்த்தார். குச்சியை வாங்கிப் பார்த்து, இது கனம், பாப்பா மணிக்கட்டுக்கு இன்னும் மெலிசா வேணும் என்று வேறு ஜோடி எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. இறங்கியிருக்கவே கூடாது. இப்படித்தான் எல்லாரும் முதலில் நன்றாக இருக்கிறார்கள். சம்முவின் டிரம்ஸ் வகுப்பில் ஸ்டீபன் மாஸ்டரும் முதல் மாதம் எவ்வளவு தங்கமாக இருந்தார், வீட்ல ஒரு செட் இருந்தா இந்தப் புள்ள எங்கயோ போயிடும்னு அவர்தானே சொன்னார். அந்த மனிதரைப் புதன்கிழமை என்ன கோலத்தில் பார்த்தேன்! அன்றைக்கு லேபில் சீக்கிரம் வேலை முடிந்து அவளைக் கூப்பிடப் போனேன். மாடிப்படி ஏறி வாசலில் நின்றால், உள்ளே என் மகள் ஸ்டூலில், அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, "ரைட் ஹேண்டு. ரைட் ஹேண்டாலதான் அடிக்கணும். எத்தனை தடவை சொல்றது?" என்கிறார். மணிக்கட்டைப் பிடித்து! பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. அந்தக் கையை விடுங்க என்றது நினைவிருக்கிறது. இனிமே இந்த கிளாஸே வேணாம் என்றதும் நினைவிருக்கிறது. சம்முவை இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். அன்றிலிருந்து மூன்று நாளாகப் பிள்ளை சரியாகப் பேசவில்லை.

"எங்களுக்கு இடது கைக்கு வேணும்" என்றேன். மரியதாஸ் நிமிர்ந்தார். "பாப்பா நொட்டாங்கைங்களா?" என்று கேட்டுவிட்டுச் சம்முவைப் பார்த்துச் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, இருந்தாலும் சிரிப்பு. "பரவால்லங்க மேடம், சின்னப் புள்ளதானே, பழக்கிடலாம்." பழக்கிடலாம். அந்த ஒரு சொல் போதும் எனக்கு. "எதைங்க பழக்குறது? வலது கைக்காரங்க யாரையாவது நீங்க இடது கைக்குப் பழக்கியிருக்கீங்களா? ஒரே ஒரு ஆளை? நாளைக்குக் காலைல நீங்க இடது கையால ஷேவ் பண்ணிப் பாருங்க. பழக்கிடலாம்னு அப்பறம் சொல்லுங்க" என்று ஆரம்பித்தவள் எங்கெங்கோ போனேன். முன்பக்கத்தில் கிட்டார் கம்பி வாங்க வந்த ஒருவர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். மரியதாஸ் நான் முடிக்கும்வரை கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, "கோவிச்சுக்காதீங்க மேடம். லெஃப்டுக்குன்னு தனியா செட் வர்றதில்ல. இதையே கழட்டித் திருப்பி மாட்டித் தர்றேன். தட்டு அந்தப் பக்கம், பெரிய டிரம் இந்தப் பக்கம், பெடலும் மாறும். இருபது நிமிசம் ஆகும், உக்காருங்க" என்று கறுப்பு செட்டுக்கு முன்னால் குந்திவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இருபது நிமிடம். எனக்கு யார் இருபது நிமிடம் கொடுத்தார்கள்? இரண்டாம் வகுப்பில் அம்மா என் இடது கையைப் பின்னால் மடக்கிப் பாவாடை நாடாவுக்குள் செருகி முடிச்சுப் போடுவாள். வீட்டுப்பாடம் முடியும்வரை அவிழ்க்க மாட்டாள். அடிக்கவெல்லாம் மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, கடலை உருண்டையை வாயில் ஊட்டிவிட்டு, எழுதுடி கண்ணு, இன்னும் ஒரு வரி, போற எடத்துல உன்ன யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாரு என்பாள். அந்த வருடம்தான் எனக்குத் திக்குவாய் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னாராம், எந்த டாக்டர், அவர் கையை யாராவது கட்டினார்களா? வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது உள்ளேன் ஐயா என்பதில் உ-விலேயே நின்று போவேன், அதற்குள் சார் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஏழாம் வகுப்பில்தான் அது போனது. போனதா? இப்போதும் கோபம் வரும்போது தவிர மற்ற நேரத்தில் நான் கொஞ்சம் நிதானித்துத்தான் பேசுகிறேன், அதனால்தான் கோபம் எனக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறதோ என்னவோ. வலது கையால் எழுதுகிறேன், வலது கையால் சாப்பிடுகிறேன், கோயிலில் விபூதியை வலது கையால் வாங்கிக்கொள்கிறேன், ரோட்டில் யாராவது வலது பக்கம் திரும்புங்கள் என்றால் மட்டும் ஒரு நொடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கிறேன். ஊசி மட்டும் இடது கைதான். லேபில் சேர்ந்து பதினாலு வருடம், எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருப்பேன், குழந்தைகள், நரம்பே தெரியாத பாட்டிகள், எல்லாரையும் என்னிடம்தான் அனுப்புவார்கள், ஒரே குத்தில் எடுப்பாள் என்று. போன மாதம் ஒருவர், ரிடையர்டு அதிகாரியோ என்னவோ, மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "வலது கையால எடும்மா, காலங்காத்தால" என்றார். உங்கள் ரத்தம் இடது கையா வலது கையா என்று பார்த்தா ஓடுகிறது, ஐயா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வலது கைக்கு ஊசியை மாற்றினேன், இரண்டு முறை குத்தினேன், இரண்டு முறையும் அவர் முகம் சுளித்தது, மனதுக்குள் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, அதை நினைத்து அன்று முழுக்க வெட்கப்பட்டேன். வலது காலை எடுத்து வைத்து வா, வலது கையால் கொடு, வலம் வா. பொம்பளைக்கு இடது கண் துடித்தால் மட்டும் நல்லதாம். அந்தக் கண்ணுக்கு மட்டும் எப்படிச் சலுகை கிடைத்தது? ஸ்பேனர் திருகும் சத்தம் நின்று நின்று வந்தது. மரியதாஸ் ஒரு தாங்கியைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார். சம்மு அவருக்கு ஒரு திருகாணியை எடுத்துக் கொடுத்தாள், எந்தக் கையால் என்று நான் பார்த்தேன், நான் பார்க்கிறேன் என்று அவள் பார்த்தாள். மூன்று நாளாகப் பேச்சில்லை. நேற்று அவள் அப்பா ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்டபோது, "ஒ... ஒண்ணும் இல்லப்பா" என்றாள். ஒ-வில் நின்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். நின்றாளா, அல்லது வாயில் தோசை இருந்ததா? தோசைதான் இருந்தது. இருந்ததா? அப்படித்தான் ஆரம்பிக்கும், எனக்குத் தெரியும், முதலில் ஒரு எழுத்தில், பிறகு பெயர் சொல்லும்போது, பிறகு பேசாமலே இருந்துவிடலாம் என்று தோன்றும். அவளுக்கு அது வரக் கூடாது. அதற்காக யாரிடமும் எத்தனை சண்டையும் போடுவேன். மாஸ்டர் என்ன மாஸ்டர், ஊரில் வேறு மாஸ்டரே இல்லையா, யாருமே இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும், வீட்டில், அவளுடைய செட்டில், அவளுடைய கையால். யாரும் அவள் மணிக்கட்டைத் தொடக் கூடாது.

"ரெடிங்க மேடம்" என்றார் மரியதாஸ். முழங்காலில் தூசி. கறுப்பு செட் இப்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது, ஒன்றன் மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு பித்தளைத் தட்டுகள் வலது பக்கம் போயிருந்தன, பெரிய டிரம் இடது பக்கம் வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒரு கடையில், ஒரு சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு. உலகத்தில் ஒரு பொருளையாவது ஒருவர் எங்களுக்காகத் திருப்பி வைத்துவிட்டார். "உக்காரு சம்மு" என்றேன். உட்கார்ந்தாள். எதிரில் இருப்பதைப் பார்த்தாள். இடது கையால் தட்டை எட்டித் தொட்டாள். பெடலை இடது காலால் ஒரு முறை மிதித்தாள், கால் வழுக்கியது. நான்கு அடி. ஐந்தாவதில் இரண்டு குச்சிகளும் ஒன்றோடொன்று மோதின. நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். போன பிறந்தநாளுக்கு நான் எடுத்து வந்த ஃபிராக்குக்கும் இதே குரலில்தான் நல்லா இருக்கும்மா என்றாள், அதை இன்றுவரை இரண்டாவது தடவை போடவில்லை. "புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றேன். சொல்லி முடித்த பிறகு காதில் விழுந்தது நான் சொன்னது. போகப் போகச் சரியாயிடும். இதைத்தானே சற்றுமுன் அந்த மனிதர் சொன்னதற்குக் கடை அதிரக் கத்தினேன். இல்லை, இது வேறு. இது அவளுடைய கைக்காக. வேறுதான். மரியதாஸ் என்னைப் பார்க்காமல் அவளிடம், "பாப்பா, கிளாஸ்ல நீ எப்படி வாசிப்ப? மாஸ்டர் மாதிரி இல்ல, நீ வாசிக்கிற மாதிரி வாசிச்சுக் காட்டு" என்றார்.

சம்மு எழுந்தாள். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சிவப்பு செட்டுக்குப் போனாள், அவர் திருப்பாத செட்டுக்கு, எல்லாருக்குமான செட்டுக்கு. ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கே பித்தளைத் தட்டுகள் இடது பக்கம் இருந்தன. இடது கை நேராக அந்தத் தட்டுக்குப் போனது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி அவ்வளவு இயல்பாக. வலது கை அதன் பாட்டுக்கு நடுவிலிருந்த டிரம்மில் இருந்தது. கையோடு கை மோதவில்லை, ஒன்றுக்கு மேல் ஒன்று போகவில்லை. வாசித்தாள். ஒரே தாளம்தான், திரும்பத் திரும்ப, ஆனால் எங்கும் இடறவில்லை. இடுப்புக்கு மேலே உடம்பு அசையவே இல்லை, உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. என் மகள் வாசித்து நான் இதுவரை முழுதாகக் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கூப்பிடப் போவேன், எப்போதும் முடிகிற நேரத்துக்கு. "இப்படி வாசிக்கிறவங்க இருக்காங்க" என்றார் மரியதாஸ். "சாதாரணமா வலது கை இடது கைக்கு மேல குறுக்க போய்த் தட்டை அடிக்கும். பாப்பாவுக்குக் குறுக்க போற வேலையே இல்ல. செட்டைத் திருப்பவும் வேணாம். நானா இருந்தா இதை மாத்த மாட்டேன்." சம்மு குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டாள். "மாஸ்டர் அதைத்தாம்மா திட்டினாரு" என்றாள். "ரைட் ஹேண்டைக் குறுக்க போட்டு தட்டை அடிக்கச் சொன்னாரு. எனக்கு இப்படியே வருது. அதைச் சொல்லிக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள நீ வந்துட்ட." அதுக்குள்ள நீ வந்துட்ட. "அப்ப ஏண்டி மூணு நாளா சொல்லல?" என்றேன். மறுபடியும் குரல் ஏறியது, என்ன செய்ய, என் குரல் அப்படி. "நீ கேக்கலையே" என்றாள். "கிளாஸே வேணாம்னு சொல்லிட்ட. அடுத்த மாசம் ஆண்டு விழால நான் ஒரு பாட்டுக்கு வாசிக்கிறதா இருந்துச்சு. மேடைல ஒரு செட்தான் இருக்கும்மா. எனக்காக யாரு திருப்பி வைப்பாங்க? திருப்பினதுல பழகிட்டா நான் வேற எங்கயும் வாசிக்க முடியாதுல்ல?" ஒரு எழுத்திலும் அவள் நிற்கவில்லை. இவ்வளவும் மூன்று நாளாக உள்ளே இருந்திருக்கிறது.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபம் மட்டும் இருந்தது, போக இடமில்லாமல். மாஸ்டரிடம் சண்டை போட்டேன், கணவரிடம், இந்தக் கடைக்காரரிடம், லேபில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம்கூட அரை மணி நேரம் இதைப் பற்றிப் பேசினேன். சம்முவுக்கு இது வேண்டும், சம்முவுக்கு அது கூடாது, சம்முவுக்கு நான் இருக்கிறேன். சம்முவிடம் மட்டும் கேட்கவில்லை. அம்மாவும் இதே வேகத்தில்தான் முடிச்சுப் போட்டிருப்பாள். அவளுக்கும் கண் கலங்கியிருக்கலாம். என்னை ஊர் வாயிலிருந்து காப்பாற்றுகிறோம் என்றுகூட நினைத்திருக்கலாம், கடலை உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு. இதை நினைக்க எனக்குப் பிடிக்கவே இல்லை. அவளை மன்னிக்க நான் இன்னும் தயாராக இல்லை, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அழுகை வந்தது, அழவில்லை, கிட்டார் கம்பிக்காரர் இன்னும் போகவில்லை. மரியதாஸ் சம்முவுக்கு நேராகக் குனிந்து, "எதை பாப்பா பேக் பண்ணட்டும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சிவப்பு என்று சொல்ல, இல்லை, அவசரப்படாதே இரண்டையும் இன்னொரு முறை வாசித்துப் பார் என்று சொல்ல, ஒரு டஜன் வார்த்தைகள் தயாராக இருந்தன. மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்துத்தான் மூட வேண்டியிருந்தது. "கறுப்பு" என்றாள் சம்மு. "ஆனா பழையபடி மாத்திக் குடுங்க அங்கிள்." இருபது நிமிடம் கழற்றி மாட்டிய மனிதர் மறுபடியும் ஸ்பேனரை எடுத்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், சரியாக வரவில்லை, ஏதோ கணக்குத் தவறிவிட்டது என்பது போலச் சொல்லிவைத்தேன், அவரும் பெருந்தன்மையாகக் காதில் விழாதது போல இருந்துவிட்டார். "புதன்கிழமை நானே போய் மாஸ்டர்ட்ட பேசறேன்" என்று நான் ஆரம்பிக்க, சம்மு முடிக்க விடவில்லை. "நீ பேசாதம்மா. நான் பேசிக்கிறேன். இப்படித்தான் வாசிப்பேன்னு வாசிச்சுக் காட்டறேன். ஒத்துக்கலைன்னா அப்பறம் பாத்துக்கலாம்." ஒன்பது வயது. அந்த மாஸ்டர் முன்னால், சிரித்த அந்தப் பிள்ளைகள் முன்னால், தனியாக. என் இரண்டு கைகளும் மடியில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. அவர் மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்தால்? பிடித்தால் என்ன செய்வாள்? தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பதே எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. "நான் மாடிப்படி வரைக்குமாவது வரலாமா?" என்று கேட்டேன். சம்மு குச்சிகளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். நிஜமாகவே யோசித்தாள். "வேணாம்மா" என்றாள். "கீழ ஸ்கூட்டிகிட்ட நில்லு." சரி என்றேன்.